தேய்ந்த சிலிண்டரும் ஒரு பழைய டைரியும்

"நம் மலரில் கோயில் யாத்திரை வருகிறது, சமையல் குறிப்பு வருகிறது, கவிதை வருகிறது. இயந்திரத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் எழுதுவதில்லை. நீங்கள் டீசல் ஷெட்டில் ஆயுளைக் கழித்தவர், ஏதாவது எழுதுங்களேன்" என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டார். ரயில் எஞ்சினைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மனசில் வந்து நின்றது 100 சி.சி. மோட்டார்சைக்கிள் ஒன்று. அதையே எழுதுகிறேன். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

போன மழைக்காலம் முடிந்த சமயம். எங்கள் ஹூப்ளி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் பையன் ஒருவன், ஒரு கோணிப்பையில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். அவன் அப்பா எங்கள் ஷெட்டில் ஃபிட்டர். பன்னிரண்டு வருஷம் என்னோடு வேலை பார்த்தவர். கை சுத்தம், வேலை சுத்தம். 2021இல் காலமானார். அவர் விட்டுப்போன சொத்துகளில் ஒன்று 1994ஆம் வருஷத்து யமஹா ஆர்.எக்ஸ். 100. பையன் அதன் மட்கார்டுகளைக் கழற்றிப் போட்டு, கட்டை கட்டையாகப் பல் வைத்த மண் டயர் மாட்டி, அக்கம்பக்கத்து ஊர்களில் நடக்கும் மண் பந்தயங்களுக்குத் தயார் செய்து வைத்திருந்தான்.

"மாமா, வண்டியில இழுவையே இல்ல. கிக் அடிச்சா கால் சும்மா இறங்குது. உள்ளே கடகடன்னு சத்தம். மெக்கானிக் பிளாக் போச்சு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசா லோக்கல் செட் மாட்டிடலாம்னு சொல்றார். பத்து நாள்ல ரேஸ் இருக்கு. நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றான். கோணிப்பைக்குள் சிலிண்டர், பிஸ்டன், ஸ்பார்க் பிளக் எல்லாம் இருந்தன.

அன்று சாயங்காலமே அவன் அம்மா வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். 'இந்த வண்டி இனிமே தேறாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா அவன் கேப்பான். எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. "பார்க்கிறேம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

தேறாது என்று சொல்வது சுலபம். ஆனால் பையன் வண்டியை விட்டுவிடுவானா? மெக்கானிக் சொன்ன செட்டை வாங்கி மாட்டுவான். பழைய சிலிண்டரைத் தின்ற காரணம் எதுவோ, அது புது சிலிண்டருக்கும் காத்திருக்கும். ஓடாத வண்டி யாரையும் கீழே தள்ளாது. அரைகுறையாகச் சரி செய்த வண்டிதான் தள்ளும். அதனால் முதலில் பார்த்துவிடுவோம் என்று தீர்மானித்தேன்.

பெரிய எஞ்சினும் சின்ன எஞ்சினும்

ஷெட்டில் நான் வேலை கற்றது நாலு ஸ்ட்ரோக் ஆல்கோ எஞ்சின்களில். 1999இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஈ.எம்.டி. வடிவமைத்த டபிள்யூ.டி.ஜி.-4 சரக்கு எஞ்சின்கள் இந்தியாவுக்கு வந்தபோது, அவற்றுக்கு முதல் வீடு எங்கள் ஹூப்ளி ஷெட்தான். 4000 குதிரைத்திறன், 16 சிலிண்டர், ஒவ்வொன்றின் துளையும் 230 மி.மீ. அது டூ ஸ்ட்ரோக் என்று கேட்டதும், "என்ன சார், லூனா மாதிரியா?" என்று சிரித்தவர்கள் எங்களிலேயே உண்டு.

ஆர்.எக்ஸ். 100இன் துளை 50 மி.மீ., பிஸ்டன் ஓட்டமும் 50 மி.மீ., 98 சி.சி., 11 குதிரைத்திறன். யானைக்கும் எலிக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ரயில் எஞ்சின் முழு வேகத்தில் நிமிஷத்துக்கு 904 சுற்றுதான் சுற்றும். அதன் பிஸ்டன் சராசரியாக விநாடிக்கு எட்டரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆர்.எக்ஸ். 100 தன் முழுத் திறனைக் கொடுப்பது 7500 சுற்றில். அதன் பிஸ்டன் வேகம் விநாடிக்கு பன்னிரண்டரை மீட்டர்! தேய்மானத்தைப் பொறுத்தவரை எலிக்குத்தான் உழைப்பு அதிகம்.

இந்தச் சின்ன எஞ்சினில் வால்வு தண்டு கிடையாது, ராக்கர் கிடையாது. சிலிண்டர் சுவரில் போர்ட் என்னும் ஜன்னல்கள் உண்டு. பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதுவே அந்த ஜன்னல்களைத் திறந்து மூடுகிறது. காற்றும் பெட்ரோலும் முதலில் கீழே கிராங்க் அறைக்குள் போய், அங்கிருந்துதான் பிஸ்டனுக்கு மேலே தள்ளப்படுகின்றன. மசகு எண்ணெயும் அந்தக் கலவையோடுதான் பயணம் செய்யும். ஆகவே காற்றோடு தூசி புகுந்தால், அது கிராங்க் பேரிங், பிஸ்டன், ரிங், சுவர் என்று ஒவ்வொருவரையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் வெளியே போகும். மண்ணில் உள்ள மணல் துகள், சிலிண்டரின் வார்ப்பிரும்பைக் காட்டிலும் கடினமானது.

கண் சொன்னதும் கருவி சொன்னதும்

பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். காற்று உள்ளே வரும் பக்கத்துப் பாவாடைப் பகுதி பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாக, மேலும் கீழுமாகக் கீறல்களோடு இருந்தது. தூசி போன வீட்டின் அடையாளம் அது. பிளக்கின் மூக்கு வெளிர் பழுப்பாக இருக்க வேண்டும், இதில் வெளுத்திருந்தது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம்.

"ஏர் ஃபில்டர் எங்கே?" என்று கேட்டேன்.

"எடுத்துட்டேன் மாமா. எடுத்தா பவர் கூடும்னு எல்லாரும் சொல்றாங்க. எட்டு மாசம் ஆச்சு."

கண் சொல்வதை மட்டும் நம்பக் கூடாது என்பது ஷெட் பாடம். சிலிண்டரை மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில், ஒவ்வொரு உயரத்திலும் முன்-பின், இட-வலம் என்று இரண்டு திசையில் அளக்க வேண்டும். ஆக ஆறு அளவுகள். போர்ட் ஜன்னல்களின் மேல் கருவியின் கால் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னிடம் இருந்த டயல் போர் கேஜை எடுத்தேன்.

மேலே முன்-பின் 50.36 மி.மீ., இட-வலம் 50.31. நடுவில் 50.34, 50.30. கீழே இரண்டு திசையிலும் 50.27. அதாவது மேலுக்கும் கீழுக்கும் 0.09 மி.மீ. வித்தியாசம், வட்டம் 0.05 மி.மீ. கோணல். இந்த வகை எஞ்சின்களுக்குப் பொதுவாக 0.05 மி.மீ. சரிவும் 0.01 மி.மீ. கோணலும்தான் எல்லை. பிஸ்டன் 50.16 இருந்தது. புதிதில் 0.04 மி.மீ. அளவில் இருக்க வேண்டிய இடைவெளி, மேலே 0.20 ஆகியிருந்தது. ஐந்து மடங்கு! கடகட சத்தம் வராமல் என்ன செய்யும்? நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் என்றால் தலைமுடியின் கனத்தில் ஏழில் ஒரு பங்கு. இந்தக் கணக்குதான் ஓடும் எஞ்சினையும் ஓடாத எஞ்சினையும் பிரிக்கிறது.

ஆனால் மெக்கானிக் சொன்னதுபோல் பிளாக் 'போய்விட'வில்லை. வெடிப்பு இல்லை, போர்ட் ஓரங்கள் உடையவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை 0.25 போரிங் செய்த பிளாக், அடுத்த 0.50க்கு இடம் இருந்தது.

டைரி

மறுநாள் பையனிடம் அவன் அப்பாவின் டூல் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். போல்ட்டை இறுக்க அவருடைய டார்க் ரெஞ்ச் வேண்டியிருந்தது. பெட்டியின் அடியில் எண்ணெய்க் கறை பட்ட ஒரு பாக்கெட் டைரி. திறந்தால் வண்டியின் ஜாதகம்! ஷெட்டில் லைனர் அளவு எழுதும் அதே மாதிரி, கட்டம் போட்டு, பென்சிலால் எழுதியிருந்தார்.

2003: போரிங் 0.25, துளை 50.25. 2014: கரி சுரண்டி அளந்தது, மேலே 50.28.

பையனை அருகில் உட்கார வைத்தேன். "தம்பி, நீயே கணக்குப் போடு. உங்கப்பா பதினொரு வருஷம் தினமும் டியூட்டிக்கு இதே வண்டியில வந்தார். எவ்வளவு தேய்ஞ்சிருக்கு?"

"0.03."

"அப்புறம் நீ ஃபில்டர் இல்லாம எட்டு மாசம் ஓட்டினது?"

அவன் 50.36இலிருந்து 50.28ஐக் கழித்தான். 0.08. நடுவில் அவன் அப்பா ஓட்டிய சில வருஷங்களுக்குக் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தாலும் கணக்கு மாறப் போவதில்லை. அவன் வெகு நேரம் அந்தப் பென்சில் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்திருந்தாலும் ஏறாதது, அந்த இரண்டு வரியில் ஏறிவிட்டது.

போரிங் பட்டறையில்

பலர் செய்யும் தவறு, முதலில் சிலிண்டரைக் குடைந்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடுவது. பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்து, அதற்கு ஏற்றபடி துளை போட வேண்டும். நாங்கள் வாங்கிய 0.50 பிஸ்டன், பாவாடையின் கீழ்ப் பக்கம், பின்னுக்குக் குறுக்கே அளந்தபோது 50.46 இருந்தது. ஆகவே துளை 50.50.

எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் பெரியவர், நிதானமானவர். 50.47 வரை குடைந்து, மிச்சத்தை ஹோனிங் கல்லால் எடுத்தார். ஹோனிங் செய்த சுவரில் வலை பின்னியதுபோல் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும். கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தால் எண்ணெய் நிற்காது.

அடுத்தது, பல பட்டறைகளில் விட்டுப்போகும் வேலை. குடைந்த பிறகு போர்ட் ஜன்னல்களின் ஓரம் கத்திபோல் கூராகிவிடும். 7500 சுற்றில் ரிங் ஒரு விநாடிக்கு 250 தடவை அந்த ஓரத்தைத் தாண்டுகிறது. ஒரு தடவை மாட்டினால் ரிங் ஒடியும். ஒடிந்த துண்டு சிலிண்டரைக் கிழிக்கும். அதனால் சின்னக் கல்லும் மெல்லிய உப்புத்தாளும் வைத்து ஒவ்வொரு ஓரத்தையும் மழுக்கினோம். பையன்தான் செய்தான். மூன்று மணி நேரம் ஆனது.

வீட்டுக்கு வந்ததும் சிலிண்டரை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவினோம். பெட்ரோலில் முக்கி எடுத்தால் கல்தூள் முழுவதும் போகாது. வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்க வேண்டும். எங்களுக்கு ஐந்தாவது தடவைதான் அப்படி வந்தது. காய்ந்ததும் உடனே எண்ணெய் தடவினோம். இல்லாவிட்டால் வார்ப்பிரும்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே துருப் பிடிக்கும். கிராங்க் அறையையும் கழுவி, கனெக்டிங் ராடை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. பையனின் அதிர்ஷ்டம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இப்போது வரும் வெளிநாட்டு மண் பந்தய வண்டிகள் பலவற்றில் இரும்பு லைனரே கிடையாது. அலுமினியத் துளையின் மேல் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த மெல்லிய பூச்சு. ஜெர்மனியின் மாலே கம்பெனி 1967இல் கொண்டுவந்த நிக்காசில் என்ற பூச்சின் வழி வந்தவை இவை. இவற்றைச் சாதாரணமாகக் குடையக் கூடாது, பூச்சு போய்விடும். மறுபடி பூச வேண்டும், அல்லது இரும்பு ஸ்லீவ் போட வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் பட்டறையில் கொடுக்காதீர்கள்.

பி.பி. மெஷின்

பந்தயத்துக்கு முந்தின நாள் எஞ்சின் பூட்டி முடிந்தது. பிஸ்டன் தலையில் உள்ள அம்பு சைலன்சர் பக்கம் பார்க்க, ரிங் வாய்கள் அதனதன் பின்னில் உட்கார, புது சர்க்ளிப் போட்டு, எல்லாம் கச்சிதம். ஏர் ஃபில்டரும் எண்ணெய் தோய்த்துப் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பையன் கிக்கரில் காலை வைத்துவிட்டான்.

"பொறு. இன்னும் ஒரு சோதனை பாக்கி" என்றேன்.

உண்மையைச் சொன்னால், தேய்மானத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்ற திருப்தியில் நானே இதை மறந்திருப்பேன். டைரி அவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டதே! ஆனால் வெளுத்த பிளக் என் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது. ஃபில்டர் இல்லாததாலும் பிளக் வெளுக்கும். வேறு இடத்தில் காற்று கசிந்தாலும் வெளுக்கும். ஒரு காரணம் கிடைத்ததால் இன்னொன்று இல்லை என்று ஆகாது.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் கிராங்க் அறை காற்றுப் புகாததாக இருக்க வேண்டும். சைலன்சர் வாயை ரப்பர் ஷீட்டால் அடைத்தேன். கார்புரேட்டர் இருக்கும் இடத்தில் துளையிட்ட ரப்பர் கார்க் வைத்து, அதில் என் மனைவியின் பி.பி. மெஷின் குழாயைச் செருகினேன். பல்பை அமுக்கி 300 வரை ஏற்றினேன். 300 மி.மீ. பாதரசம் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.4 கிலோ. இந்தச் சோதனைக்கு அது போதும். முள் ஐந்து நிமிஷமாவது அசையாமல் நிற்க வேண்டும். எங்கள் முள் ஒரு நிமிஷத்துக்குள் 100க்கு இறங்கியது.

சோப்புத் தண்ணீர் தடவினேன். மேக்னட்டின் பின்னாலிருந்து நுரை பொங்கியது. அந்தப் பக்கத்து ஆயில் சீல் போயிருந்தது. அந்த வழியாகக் காற்று புகுந்தால் பெட்ரோலும் எண்ணெயும் குறைந்த கலவை சிலிண்டருக்குப் போகும், பிஸ்டன் அளவுக்கு மேல் சூடாகும், அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், 0.04 மி.மீ. இடைவெளி எந்த மூலைக்கு? முழு வேகத்தில் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கும், பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

அன்று சனிக்கிழமை. தேடிப் பார்த்ததில் அந்த சீல் ஊரில் கிடைக்கவில்லை. பெங்களூரிலிருந்து வர நாலு நாள் ஆகும் என்றார்கள்.

"மாமா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஓட்டிடறேன். வந்ததும் மாத்திடலாம்."

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. 1986இல் நானும் இதையேதான் சொன்னேன். அப்போது என்னிடம் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார்சைக்கிள் ஒன்று இருந்தது. நானே போரிங் செய்வித்து, நானே பூட்டினேன். டிப்ளமா படித்தவன், ரயில்வேக்காரன் என்ற தெம்பு. சீல் பழசு என்று தெரியும். அடுத்த மாதம் மாற்றலாம் என்று விட்டேன். மூன்றாம் நாள், மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கல்யாணம் ஒன்றுக்குப் போகும் வழியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சக்கரம் தேய்த்துக்கொண்டே போய் வண்டி சாய்ந்தது. எனக்குச் சிராய்ப்பு. அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

இதை நான் சொல்லி முடிக்கும்போது என் மனைவி காபியோடு வந்தாள். ஒன்றும் பேசவில்லை. டம்ளரை இடது கையால் நீட்டினாள். வலது கையை லேசாகத் திருப்பிக் காட்டினாள். அது முழுவதும் திரும்பாது.

பையன் கிக்கரிலிருந்து காலை எடுத்தான். அந்தப் பந்தயத்துக்கு அவன் போகவில்லை.

பிறகு

புதன்கிழமை சீல் வந்தது. மாற்றிவிட்டு மறுபடி பி.பி. பார்த்தோம். பத்து நிமிஷம் கழித்தும் முள் 300ஐ விட்டு நகரவில்லை. முதல் நாள் மூன்று தடவை எஞ்சினைச் சூடாக்கி முழுவதும் ஆறவிட்டோம். பிறகு 500 கிலோமீட்டர் வரை ஒரே சீரான வேகத்தில் ஓட்டாமல், முறுக்காமல், ஏற்றி இறக்கி ஓட்டச் சொன்னேன். எஞ்சின் சத்தம் திடீரென்று கம்மினால் யோசிக்காமல் கிளட்ச்சைப் பிடி என்றும் சொல்லிக்கொடுத்தேன். இப்போது பிளக் வெளிர் பழுப்பு.

அவன் அம்மாவிடம் நானே போனேன். "நீங்க கேட்டதை என்னால சொல்ல முடியலைம்மா. வண்டி தேறிடுச்சு. ஆனா ஒரு ரேஸை அவனே விட்டுட்டான், அதைப் பாத்தீங்களா?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவங்கப்பாவும் எதையும் அளக்காம செய்ய மாட்டார்" என்றார். பயம் போய்விட்டதென்று நான் நினைக்கவில்லை. எந்த அம்மாவுக்குத்தான் போகும்?

இரண்டு மாதம் கழித்து அடுத்த பந்தயத்துக்குப் போனான். பதினாறு பேரில் ஒன்பதாவதாக வந்தான். திரும்பி வந்ததும் என் வாசலில் வண்டியை நிறுத்தி, ஃபில்டரைக் கழற்றிக் காட்டினான். பஞ்சு முழுக்கச் செம்மண். "இது அத்தனையும் உள்ள போயிருக்கும், இல்லையா மாமா?" என்றான்.

டைரியில் 2014க்குக் கீழே அவனே கட்டம் போட்டு எழுதியிருக்கிறான்: போரிங் 0.50, துளை 50.50, சீல் புதுசு. அளந்தது யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதப் போனான். நான் தடுத்து, அவன் பெயரை எழுதச் சொன்னேன்.

நம் அன்பர்கள் பலர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே அப்பாவின் ஸ்கூட்டரோ பழைய மோட்டார்சைக்கிளோ தூசி படிந்து நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். அதை எழுப்ப நினைத்தால், ஆர்.சி. காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பட்டறையில் மூன்று கேள்வி கேளுங்கள். ஆறு இடத்தில் அளந்தீர்களா? போர்ட் ஓரம் மழுக்கினீர்களா? காற்றுக் கசிவு பார்த்தீர்களா? மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் கொடுங்கள். இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிலிண்டரைக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள். போர் கேஜ் இருக்கிறது, பி.பி. மெஷினும் இருக்கிறது.